சோபா டாக்டரின் கட்டைவிரல்

எங்கள் அத்தானுக்குத் தொய்வு என்றால் ஆகாது. கட்டில் விரிப்பு ஒரு மூலையில் சுருங்கியிருந்தால் போதும், நாலு மூலையையும் இழுத்துச் செருகிவிட்டுத்தான் படுப்பார். வீட்டு மாடியில் ஒரு தடவை துணிக்கொடி கட்டினார். கட்டின வேகத்தில் ஒரு பக்கத்துக் கம்பியே உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "துணி காயப்போடத்தானே கொடி கேட்டேன், தந்தி கட்டி வாசிக்கவா கேட்டேன்?" என்று அக்கா கத்தினாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. கொடியை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கீழே இறங்கிப் போனார்.

அவருக்குத் தொழில் சோபா ரிப்பேர். தெருவில் அவருக்குப் பேர் சோபா டாக்டர். பூட்டுக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பட்டறை. ஷட்டரைத் தூக்கினால் முதலில் ஃபோம் ஒட்டுகிற கம் வாசம் மூக்கில் ஏறும், அப்புறம்தான் கண்ணுக்கு எதுவும் தெரியும். காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும் சோபாக்கள், சுவரோரம் அடுக்கின ஃபோம், ஜன்னலடியில் என் தையல் மெஷின். அவர் சட்டத்தைச் சரி பண்ணி, பெல்ட் அடித்து, ஃபோம் ஒட்டித் தருவார். நான் உறை தைப்பேன். நான் அக்காவின் தங்கை. என் வாய்க்கு அவர் வைத்த பேர் ஊசி. பேர் வைத்தவரைத்தான் அதிகம் குத்தியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பெல்ட் என்று நாங்கள் சொல்வது சோபாவின் அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டையை. உட்காருகிறவர் பாரத்தை அதுதான் தாங்கும். ஒரு முனையைச் சட்டத்தில் பின் அடித்துவிட்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, உடம்பையே பின்னுக்குச் சாய்த்து இழுப்பார். அடித்து முடித்ததும் விரலால் சுண்டுவார். "டங்" என்று வர வேண்டும். "டொப்" என்று வந்தால் பின்னைப் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதே வேலை, இதே வலது கை, இதே கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடது கையால் திருப்புகிறாரே, சாவியை இரண்டு கையாலும் பிடித்துப் பூட்டுகிறாரே என்று நானாகத்தான் கவனித்தேன். கேட்டால், "தூங்கும்போது கை அமுங்கிப் போச்சு" என்பார். தினமும் ஒரே கையா அமுங்கும்? பிறகு ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளரிடம் துணி விலை சொல்லிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவிக் கீழே விழுந்து சில்லுசில்லாகப் போனது. யாரும் இடிக்கவில்லை, டீயும் ஆறிப்போன டீ. அவர் குனிந்து சில்லைப் பொறுக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் வாக்கப்பட்டுப் போனது வேறு ஊர், பஸ்ஸில் அரை நாள் பயணம். நாங்கள் மூன்று பேரும் போனோம். அக்கா வாங்கினாள், கொஞ்சினாள். நான் வாங்கினேன், என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "இந்தாங்கப்பா" என்று அவள் அப்பாவிடம் நீட்டினாள். இவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"கையெல்லாம் கம் வாசம்மா. பாப்பாவுக்கு ஆகாது."

"சோப்பு போட்டுத்தானேப்பா கழுவினீங்க?"

"இருக்கட்டும், இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை. இரண்டு நாளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சிக்கு வந்தவர் மாதிரி தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மகள் முகம் சின்னதாகிப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா பிடித்துக்கொண்டாள். "பேத்தியைத் தொடக்கூட மனசு வரலையா உங்களுக்கு? மக முகம் எப்படி வாடிப் போச்சு பாத்தீங்களா?" இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, பிடி கொடுக்காமலே வந்தார்.

மறுநாள் பட்டறையில் நான் மெஷினை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டேன்.  அவர் சொன்னார்.

"ஆசை இல்லாமலா ஊசி? அன்னைக்கு டம்ளரை நான் விடலை. கை தானா விட்டுடுச்சு. வலி சுருக்குன்னு வரும், அந்த நேரத்துல கையில என்ன இருந்தாலும் போயிடும். குழந்தை இருந்தா?"

  "டாக்டர்கிட்ட போலாம் அத்தான்" என்றேன். சரி என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, டாக்டரை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனார்.

டிவியில் பந்து விளையாடுகிறவர்கள் முட்டியிலும் தோளிலும் கலர் கலராக ஒட்டிக்கொண்டு ஓடுவதை அவர் பார்த்திருக்கிறார். அதே டேப்தான், நீல நிறத்தில் ஒரு ரோல். வாங்கிக்கொண்டு வந்து பட்டறை மேசையில் வைத்து, ஒரு துண்டை வெட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நீண்டது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாரு ஊசி, நம்ம பெல்ட்டேதான்!"

பெல்ட் என்று நினைத்த பிறகு என்ன ஆகும்? ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையை இடது கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவும் இழுத்து, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நாலு சுற்றுச் சுற்றினார். முனை நிற்காமல் எகிறிக்கொண்டு வந்தது. இவர் விடுவாரா? ஃபோம் ஒட்டுகிற கம்மைப் பிரஷ்ஷில் தொட்டு, முனையின் அடியில் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து அமுக்கிவிட்டார். நான் உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் டேப்பைச் சுண்டி வேறு பார்த்தார். "டங்"தான்.

மறுநாள் காலையில் விரல்கள் வீங்கிவிட்டன என்று அக்கா போன் பண்ணினாள். நான் போவதற்குள் பாதியைப் பிய்த்திருந்தார். பிய்த்த இடத்தில் கம்மோடு தோலும் வந்திருந்தது. ஒட்டின முனைகளில் கொப்புளம் கொப்புளமாக நின்றது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அப்படியே கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மருந்துக்கடைக்கு மேல்மாடியிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். பத்துப் பன்னிரண்டு படி ஏறியிருந்தால் இவ்வளவும் இல்லை.

சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, எண்ணெய் தடவித் தடவி மிச்சத்தை எடுத்தாள். "இது என்ன பசை அங்கிள்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் எழுந்து போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொன்னாள். மற்ற விரல்களை அதன் மேல் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கச் சொன்னாள். பாதி சாய்ப்பதற்குள் அத்தான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கட்டைவிரலை அசைக்கிற தசைநாண், மணிக்கட்டு எலும்பு மேல போற இடத்துல உரசி உரசி வீங்கியிருக்கு அங்கிள். புதுசா குழந்தை பெத்த அம்மாக்களுக்கு நிறைய வரும். குழந்தையைத் தூக்கித் தூக்கி. நீங்க யாரைத் தூக்கினீங்க?"

"மூணு பேர் உக்கார்ற சோபாவை" என்றேன் நான்.

அத்தான் சிரிக்கவில்லை. "இது சரியாகுமாம்மா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பேத்தி பொறந்திருக்கா. இந்தக் கையை நம்பித் தூக்கலாமா?"

"சரியாகும். நான் சொல்றதைக் கேட்டா."

அந்த ஒரு சொல் என் வயிற்றில் பால் வார்த்தது. அவர் வயிற்றில் எவ்வளவு வார்த்திருக்கும் என்று படியிறங்கும்போது தெரிந்தது. ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினவர், இறங்கும்போது மெல்லியதாக விசில் அடித்தார்.

ஆனால் சொல்வதைக் கேட்பது என்பது எங்கள் அத்தானுக்குச் சுலபமா? முதலில் தோல் ஆறும் வரைக்கும் டேப்பே கிடையாது என்றாள். கட்டைவிரல் அசையாமல் ஒரு பட்டை மாட்டிவிட்டாள். தோல் ஆறின பிறகு அவளே ஒட்டிக் காட்டினாள். கையில் எண்ணெய், ஈரம் இருக்கக்கூடாது. டேப்பின் மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டையில் மாட்டி உரிந்துவரும். இந்த இரண்டையும் அத்தான் மெச்சிக்கொண்டார். மூன்றாவதில்தான் முட்டிக்கொண்டது.

"ரெண்டு முனையையும் இழுக்கவே கூடாது. சும்மா வைக்கணும். நடுவுல மட்டும் லேசா, ரொம்ப லேசா."

"இழுக்காம எப்படிம்மா நிக்கும்?"

"நிக்கும். மேல தேய்ச்சுவிட்டா சூட்டுல ஒட்டிக்கும்."

"தொய்வா இருக்கே."

"சோபாவுக்கு ரத்தம் ஓடாது அங்கிள். உங்களுக்கு ஓடுது."

 டேப்பிலேயே எல்லாம் ஆறிவிடும் என்று நினைக்க வேண்டாம் என்றும் அவள் சொல்லிவிட்டாள். வலியைக் கொஞ்சம் குறைக்கும், கையை எக்குத்தப்பாக மடக்கும்போது தோலைப் பிடித்து ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். ஆற்றுகிற வேலையை ஓய்வும் பயிற்சியும்தான் செய்யும். அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும், எடுக்கும்போது வெடுக்கென்று பிய்க்கக்கூடாது. பிய்க்கக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ஓய்வு என்றால் பெல்ட் இழுப்பது யார்? நான்தான். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும், இன்னும், இன்னும் கொஞ்சம்" என்பார். நான் இழுத்து அடித்தது எல்லாம் "டொப்". ஒரு தடவை எழுந்து வந்து கை வைக்கப் பார்த்தார். ஸ்டேப்பிள் கன்னைத் தூக்கிக் காட்டினேன், திரும்பிப் போய் உட்கார்ந்தார். போகப் போக எனக்கும் "டங்" வர ஆரம்பித்தது. அன்றைக்கு அவருக்கு வந்தது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

குழந்தையைத் தூக்குவதற்கும் அந்தப் பிசியோ பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். கட்டைவிரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்கினால் பாரம் முழுவதும் அந்தத் தசைநாணில்தான் விழும். அப்படிச் செய்யாமல் உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பி, அடியில் விட்டு, முன்னங்கையில் ஏந்த வேண்டும். ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினால், அத்தான் ஒரு தலையணை உறையில் ஃபோம் துண்டையும் ஆணிப் பெட்டியையும் போட்டுக் கட்டி, முன்னங்கையில் ஏந்திக்கொண்டு, சோபாக்களுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"தூங்கிட்டாளா?" என்றேன்.

"சத்தம் போடாதே" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பெட்டியில் ஆணி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. வலி குறைந்துகொண்டே வந்தது. டம்ளரைப் பிடித்தார், சாவியைத் திருப்பினார். ஆனாலும் "ஆணிப் பெட்டி விழுந்தா பொறுக்கிக்கலாம் ஊசி" என்பார். அந்தப் பயம் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது மகள் போன் பண்ணினாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலையாம். குழந்தையோடு கொஞ்ச நாள் வந்து தங்குகிறேன் என்றாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கலாம். "அவளே பச்சை உடம்புக்காரி, இதையும் சொல்லிக் கலவரப்படுத்தணுமா?" என்று எங்கள் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

வந்து இறங்கினாள். இவர் முழுக்கைச் சட்டை போட்டு டேப்பை மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் அப்பா பக்கம் திரும்பாமலே குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள். குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் எட்டிப் பிடித்தது. அக்காவின் காதுத் தோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தான் தள்ளி நின்று, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

மத்தியானம் அக்கா சமையலறையில் இருந்தாள். நான் அக்கா மகளின் பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் கதவருகில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்க அவள் குனிந்தாள். இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துத் தூக்கினவள், "ஸ்ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாதியில் அப்படியே குழந்தையை மெத்தையில் விட்டுவிட்டாள். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அதிர்ச்சியில் வீலென்று கத்தியது. இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை மடியில் அழுத்திக்கொண்டு, குழந்தையைவிடச் சத்தமாக அழுதாள்.

"ஒரு நாள் இவளைக் கீழே போட்டுருவேன் சித்தி. ரெண்டு மாசமா இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா என்ன நினைப்பாங்க, ஒரு குழந்தையைத் தூக்கத் தெரியலைன்னுதானே?"

பேப்பர் கீழே விழுந்தது. அத்தான் எழுந்து வந்தார்.

"கட்டைவிரலை உள்ள மடக்கு" என்றார்.

"என்னப்பா?"

"மடக்கும்மா. மத்த விரலை மேல மூடு. இப்போ கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய். மெதுவா."

பாதி சாய்ப்பதற்குள் அவள் "ஆ" என்று துள்ளிவிட்டாள். அத்தான் சிரித்தார். அழுதுகொண்டிருக்கிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அதற்குள் அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, மணிக்கட்டில் இருந்த நீல டேப்பை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எனக்கும் இதேதான். இதே கை, இதே இடம்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கு நீங்க தூக்காதது…"

"பயம்மா. கீழே போட்டுருவேன்னு பயம்."

"பேத்தி பொறந்தது பிடிக்கலையோன்னு நான் நினைச்சேன்பா."

"அடி பைத்தியமே" என்றார்.  அவள் அவர் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதமாக இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு ஊரில் ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, அதை நான் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துவந்தார். அவள் கையை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்தார். நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முனையைக் கட்டைவிரலில் சும்மா வைத்தார். நடுவில் லேசாக, ரொம்ப லேசாக இழுத்தார். கடைசி முனையை முன்னங்கையில் இழுக்காமல் படுக்கவைத்தார். கொடியைத் தந்தியாகக் கட்டின மனிதர், சின்னத் தொய்வோடு ஒரு பட்டையை ஒட்டிவிட்டு, மேலே உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்டிப் பார்க்கவும் இல்லை.

"நாளைக்கு அந்தப் பிசியோ பொண்ணுகிட்ட கூட்டிட்டுப் போறேன். இது சரியாகும்மா. நான் சொல்றேன், சரியாகும்."

"பரவாயில்லப்பா, இப்பவே பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். குழந்தை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவள் பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"வேணாம். இந்தக் கைக்கு இன்னைக்கு லீவு" என்றார் அத்தான்.

நான் துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஊசி, நீ இரு."

கட்டிலுக்குக் குனிந்தார். உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பினார். ஒரு கை கழுத்துக்கு அடியில் போனது, மறுகை இடுப்புக்கு அடியில். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார், நெற்றி வேர்த்துவிட்டது. பிறகு குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வலது முன்னங்கையில் அது உட்கார்ந்துகொண்டது. நானும் அவளும் மூச்சே விடவில்லை. கை விடவில்லை. "அப்பாடா" என்று சத்தமாகச் சொன்னது யார் என்று பார்த்தால், கரண்டியோடு கதவில் நின்ற அக்கா.

குழந்தை அவர் காதுக்குள்ளேயே கத்தியது. அவருக்கு அது பாட்டாகக் கேட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பட்டறையில் நடந்த அதே நடை. மூன்றாவது திருப்பத்தில் குழந்தை சட்டென்று அடங்கியது. கண்ணில் ஏதோ பட்டுவிட்டது அதற்கு. குனிந்து, அவர் மணிக்கட்டில் நீலமாக இருந்த டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, உடம்பையே பின்னுக்குச் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தது. சர்ரென்று பாதி டேப் உரிந்து வந்துவிட்டது.

"அத்தான், டேப்பு! டேப்பு போச்சு!" என்று நான் கத்தினேன்.

அவர் டேப்பையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை.

"இழுக்கிறதைப் பாத்தியா ஊசி?" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு!"